இடப்பக்கத்து உண்ணிகள்

எருமையும் மைனாவும் கூட்டுத்தொழில் நடத்தி வந்தன. முதுகு எருமையுடையது, அலகு மைனாவுடையது. மைனா உண்ணி பொறுக்கித் தின்னும். எருமை அரிப்பில்லாமல் கண் மூடிக் கிடக்கும். ஒரு மனத்தாங்கல் இல்லாமல் மூன்று வருஷம் ஓடியது.

ஒருநாள் எருமை, "உண்ணி விளையறது என் முதுகுல. பாதி எனக்கு வந்தாகணும்" என்றது.

மைனாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அண்ணாச்சி, உண்ணியை வச்சு நீங்க என்ன செய்யப் போறீங்க?"

"என்னவோ செய்வேன். உரிமைன்னா உரிமைதான்."

வழக்கு வெள்ளாட்டிடம் போனது. ஆடு மூன்று நாள் அசைபோட்டுவிட்டுத் தீர்ப்புச் சொன்னது: "இடப்பக்கத்து உண்ணி எருமைக்கு, வலப்பக்கத்து உண்ணி மைனாவுக்கு. அடுத்தவர் பங்கில் யாரும் வாய் வைக்கக் கூடாது."

எருமை வாலைச் சுழற்றிக்கொண்டு ஊரெல்லாம் சொல்லி வந்தது. பாதி வயிறு காய்ந்த மைனா முதுகெலும்பைத் தாண்டவே இல்லை.

ஒரு மாசத்தில் எருமை வேலிக்கல்லே கதியென்று நின்றது. இடப்பக்கம் தேய்த்துத் தேய்த்து ரத்தம் கசிந்தது. மைனாவுக்கு மனசு கேட்கவில்லை.

"அண்ணாச்சி, ராசியாப் போயிரலாமா? பழையபடி எல்லாத்தையும் நானே பொறுக்கிடறேன்."

"யாரை ஏமாத்தப் பார்க்கிற?" தேய்ப்பதை நிறுத்தாமலே எருமை சீறியது. "வலப்பக்கத்துக்கும் அப்பீல் போட்டாச்சு!"