கை காட்டினால் நிற்காத பஸ்

"நிறுத்துங்க கண்டக்டர், ஒரு பொண்ணு கை காட்டிக்கிட்டு நிக்குது" என்று கோவிந்தம்மாள் சத்தம் போட்டாள்.

கண்டக்டர் மாரப்பன் குனிந்து வெளியே பார்த்தார். புளியமரத்து ஸ்டாப்பிங்கில் பானுமதி ஒருத்திதான் கையை நீட்டியபடி நின்றிருந்தாள். நன்றாகப் பார்த்துவிட்டு, போகலாம் என்று இரண்டு விசில் கொடுத்தார். பஸ் நிற்காமல் போயிற்று.

முக்கால்வாசி நாள் இதே கதைதான். அங்கிருந்து பஸ் உள்ளே இருக்கிற ஊருக்குப் போய்ச் சுற்றிக்கொண்டு கூட்ரோட்டுக்கு வந்து சேரும். அதற்குள் பானுமதி ஏரிக்கரை மேலேயே நடந்து வந்து, மூச்சு வாங்க அங்கே ஏறுவாள். காரிமங்கலத்தில் ஒரு ஜவுளிக்கடையில் அவளுக்கு வேலை.

"ஏங்க, நிறுத்துனா என்ன?"

"நடந்து வந்துடுவாங்கக்கா" என்றார் மாரப்பன். பின் சீட்டில் யாரோ சிரித்தார்கள்.

கோவிந்தம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பொம்பளைகளுக்கு டிக்கெட் இலவசம் என்று ஆனதிலிருந்தே இவர்களுக்கு நாம் இளக்காரம் என்று பக்கத்தில் இருந்த ஜான் பீயிடம் புலம்பினாள்.

"அவ எவ்வளவு குண்டு. அந்த உடம்பைத் தூக்கிக்கிட்டு எப்படி நடப்பா, பாவம்."

சில நாள் நிறுத்துகிறாரே என்றாள் ஜான் பீ.

"அதுதான் அக்கிரமம். கை காட்டுனா போயிடறாரு. அவ பாட்டுக்குக் கல்லு மேல உட்கார்ந்திருந்தா நிறுத்தி ஏத்திக்கிறாரு. எல்லாம் இவரு இஷ்டமா?"

பானுமதியிடமும் பேசிப் பார்த்தாள். புகார் பண்ணலாம், நான் சாட்சிக்கு வருகிறேன் என்றாள். வேண்டாங்கக்கா, விட்டுடுங்க என்று பானுமதி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பயந்துவிட்டது பெண் என்று கோவிந்தம்மாள் நினைத்தாள். சாயந்திரம் வீட்டுக்குப் போனதும் மகன் அருள்குமாரை விட்டுப் புகார் நம்பருக்குப் போன் போடச் சொன்னாள்.

அடுத்த வாரம் ஒரு நாள், உள்ளே இருக்கிற ஊரில் செக்கர் ஏறினார். நேராக மாரப்பனிடம் வந்தார். புளியமரத்து ஸ்டாப்பிங்கில் இன்றைக்கு நிறுத்தினாயா என்று கேட்டார்.

"நிறுத்தல சார்."

"ஆள் இருந்துச்சா?"

"இருந்தாங்க சார்."

"அப்புறம் ஏன் நிறுத்தல?"

"தப்புதான் சார்."

டிரைவர் திரும்பி ஏதோ சொல்ல வாயெடுத்தார். மாரப்பன் வேண்டாம் என்று தலையாட்டினார். எழுதி அனுப்பினால் சஸ்பெண்டு வரைக்கும் போகும், தெரியுமா என்றார் செக்கர். மாரப்பன் தலையைக் குனிந்துகொண்டார்.

நினைத்தது நடந்தும் கோவிந்தம்மாளுக்கு என்னவோ போல் இருந்தது. வாய்க்கு வாய் பதில் சொல்கிற மனுஷன், இன்றைக்கு ஏன் இப்படி நிற்கிறார்?

கூட்ரோட்டில் பானுமதி ஏறினாள். நீங்கதானே அந்தப் பொண்ணு என்று செக்கர் கேட்டார்.

"ஒண்ணுமில்லம்மா, நீங்க போய் உட்காருங்க" என்றார் மாரப்பன்.

அவள் உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"நிறுத்தாதீங்கன்னு சொன்னதே நான்தான் சார்."

முன் சீட்டுப் பெண்கள் காதைத் தீட்டிக்கொண்டார்கள். கர்ப்பப்பைக்குள் இருக்க வேண்டிய சவ்வு மாதிரி அவளுக்கு வெளியேயும் வளர்கிறதாம். மாதவிலக்கு வந்தால் எழுந்திருக்க முடியாதாம். வலிக்குப் பயந்து படுத்தே கிடந்ததிலும், சாப்பிட்ட மாத்திரையிலும் எடை ஏறிவிட்டது. ஆபரேஷன் செய்யலாம், ஆனால் மயக்க மருந்து கொடுக்க வேண்டும், கொஞ்சம் எடை குறைத்துக்கொண்டு வா என்று தர்மபுரி டாக்டரம்மா சொல்லியிருக்கிறார்.

"நாளைக்கு நடக்கலாம், நாளைக்கு நடக்கலாம்னு தோணும் சார். பஸ்ஸைப் பார்த்தா கை தானா நீளுது. அதான் இவருகிட்ட சொல்லி வெச்சேன். நான் நின்னுக்கிட்டிருந்தா, என்ன கை காட்டினாலும் நிறுத்தாதீங்க. உட்கார்ந்திருந்தா அன்னிக்கு வலி, நிறுத்தி ஏத்திக்கங்கன்னு."

செக்கர் மாரப்பனைப் பார்த்தார். "இதைச் சொல்றதுக்கு என்னப்பா?"

"யாருகிட்டயும் சொல்ல வேண்டாம்னாங்க சார். அவங்க வலி. அதை நான் பஸ்ஸுல வெச்சு எப்படிச் சொல்றது?"

செக்கர் பேனாவைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். அடுத்த ஸ்டாப்பிங்கில் இறங்கும்போது மாரப்பனின் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

கோவிந்தம்மாள் நகர்ந்து இடம் விட்டாள். "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே கண்ணு."

"சொல்லலாம்னுதான் ஒரு நாள் வந்தேங்க்கா. நான் படியில ஏறும்போதே, நான் எவ்வளவு குண்டுன்னு நீங்க இவங்ககிட்ட சொல்லிக்கிட்டிருந்தீங்க."

கோபமாகச் சொல்லவில்லை. ஆனாலும் கோவிந்தம்மாளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பானுமதியே அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எடை குறைஞ்சிருக்குதுங்க்கா. டாக்டரம்மா ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்துட்டாங்க."

"நல்லா ஆயிடும் கண்ணு" என்றாள் கோவிந்தம்மாள். இத்தனை நாள் நெஞ்சில் உட்கார்ந்திருந்த கோபம் எழுந்து போன மாதிரி இருந்தது.

மறுநாள் டிரைவர் புதுசு. புளியமரத்தடியில் பானுமதி கையை நீட்டிக்கொண்டு நின்றாள். மாரப்பன் பின்னால் டிக்கெட் போட்டுக்கொண்டிருந்தார். டிரைவர் பிரேக்கை அழுத்தினார்.

"அவதான் நின்னுக்கிட்டிருக்காளே, அப்புறம் எதுக்குங்க நிறுத்தறீங்க?" என்று முன் சீட்டிலிருந்து கோவிந்தம்மாள் சத்தம் போட்டாள். "போங்க, போங்க."