மை ஒட்டாத தழும்பு

ஹங்கேரியின் பாலாட்டன் ஏரியிலிருந்து வரும் காலை வெளிச்சம், ஆஸ்பத்திரி ஜன்னலோரம் இருக்கும் ஆப்ரிகாட் சாராயப் பாட்டிலில் பட்டு, ஸிதோனியாவின் போர்வைமேல் மஞ்சளாக நடுங்குகிறது. இருபது வருஷம் ஹேண்ட்பால் கோல்கீப்பராகப் பாய்ந்தவள், இன்று தேய்ந்துபோன இடுப்பு மூட்டை மாற்றிக்கொள்ளப் படுத்திருக்கிறாள். அறுக்கப்போகும் பக்கத்தில் அம்புக்குறி போட்டுக் கையெழுத்திட, டாக்டர் தர்யானி பேனாவோடு குனிகிறார். அவள் இடுப்பில் இரண்டு சின்னத் தழும்புகள் அவர் விரலில் தட்டுப்படுகின்றன. மூன்று வருஷத்துக்கு முன் நுண்துளை போட்டு இதே மூட்டைச் சரிசெய்தவரும் அவர்தான்.

"பத்து வருஷம் கவலையில்லாம ஆடலாம்னீங்களே டாக்டர்," என்கிறாள். "சொன்னேன்," என்கிறார். "முன்னாடி துளை போட்டுக்கிட்டவங்களுக்கு மூட்டு மாத்தினா தொந்தரவு ஜாஸ்தியாமே, நெஜமா?" கொஞ்சம் ஜாஸ்திதான் என்று அவர் படித்திருக்கிறார். பேனா மூடியைக் கழற்றுகிறார், மாட்டுகிறார், மறுபடி கழற்றுகிறார். "சிலருக்கு வரலாம். பாத்துக்கலாம்மா." அவர் கண் பாட்டில் பக்கம் நழுவுகிறது. அவள் அதைப் பார்த்துவிடுகிறாள். "அது இப்ப கிடையாது. போன தடவை தையல் பிரிக்கிறதுக்குள்ள அவசரப்பட்டு உங்களுக்குக் குடுத்துட்டேன். இந்தத் தடவை உங்க ரூமுக்கு நானே நடந்து வந்து குடுக்கறேன்." சிரிக்கப் பார்க்கிறார், வரவில்லை. தோலில் கறுப்பாக ஓடும் கோடு தழும்புமேல் மட்டும் வழுக்கி அறுபடுகிறது. திரும்ப இழுக்கிறார், திரும்பவும் ஒட்டவில்லை.

"நல்லா அழுத்துங்க டாக்டர்," என்கிறாள் கூரையைப் பார்த்தபடி. "நீங்க போட்ட தழும்புதானே."