இழுக்காத வண்டி

“நாரணாபுரம் விலக்குல டீக்கு நிறுத்துற வரைக்கும் குதிரை மாதிரி வருது தங்கப்பாண்டி. டீயைக் குடிச்சிட்டு எடுத்தா இழுக்கவே மாட்டேங்குது. நாப்பதைத் தாண்டல.”

“அப்ப டீயை விட்டுருங்கண்ணே.”

முனியராஜ் சிரிக்கவில்லை. பட்டாசுத் தொழிற்சாலைக்குப் பெண்களை ஏற்றிச் செல்லும் வேன் அவருடையது. தீபாவளிச் சீசனில் நாள்தோறும் தாமதம். இனியொரு முறை தாமதித்தால் ஓட்டத்தை வேறு வேனுக்குக் கொடுத்துவிடுவதாக மேலாளர் கூறிவிட்டார்.

முன்னிருக்கைகளுக்கு நடுவே என்ஜின் மூடி திறந்து கிடந்தது. அதையொட்டிய இருக்கையில், வேலை முடிந்த அலுப்புடன் சாய்ந்திருந்தாள் செல்வலட்சுமி. முனியராஜின் மனைவி; இதே வேனில் அந்தத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகிறவள்.

மெக்கானிக் தங்கப்பாண்டியன் மடிக்கணினியை மூடினான். “காத்தழுத்தம் பாக்குற சென்சாருண்ணே. அதோட பிளக்கு அடிக்கடி கழண்டிருக்கு. சென்சார்ல இருந்து தகவல் வரலைன்னா, என்ஜின் கம்ப்யூட்டர் பயந்துபோயி வேகத்தை அமுக்கிரும். இப்பப் பெரிய சென்சாரா மாத்தி, அதுக்கேத்த மாதிரி கம்ப்யூட்டரையும் ட்யூன் பண்ணிட்டேன். பிச்சுக்கிட்டுப் போகும்.”

“அது போதும். போன மாசம் ஆமத்தூர் வளைவுல ரெண்டு லாரியை ஒரே மூச்சுல முந்துனேன். பின்னால இருந்த பொம்பளைக பூராம் ஒரே கூச்சல்.”

“எதுத்தாப்புல பஸ்ஸு வந்துச்சு. அதையும் சொல்லுங்க,” என்றாள் செல்வலட்சுமி, கண்ணைத் திறக்காமலே.

“ஒரசவா செஞ்சேன்?”

“அப்ப அந்தப் பக்கத்துக் கண்ணாடி எங்கன போச்சு?”

“லேட்டானா ஓட்டம் போயிரும்டி. அப்புறம் சோத்துக்கு என்ன செய்ய?”

“கொஞ்சம் வெள்ளனவே வண்டியை எடுங்கன்னு எம்புட்டு நாளாச் சொல்லுதேன்.”

“அம்புட்டு வெள்ளன எவன் எந்திரிக்க?”

அவள் பெருமூச்சு விட்டாள்.

தங்கப்பாண்டியன் பழைய பிளக்கை வெளிச்சத்தில் காட்டினான். “இங்கன பாருங்கண்ணே, பூராம் வெள்ளி மருந்து அப்பிக் கெடக்கு.”

“பட்டாசு வேன்ல மருந்து ஒட்டாம சந்தனமா ஒட்டும்?” என்று சலித்துக்கொண்ட முனியராஜ், கைகழுவக் குழாயடிக்குப் போனார்.

“புதுசுல அந்தத் தொல்லை இல்ல மதினி. பூட்டு வச்ச பிளக்கு. எந்தக் குலுக்கலுக்கும் கழலாது.”

செல்வலட்சுமி எழுந்து என்ஜின்மேல் குனிந்தாள். எவ்வளவு கழுவினாலும் பட்டாசு மருந்தின் வெள்ளி நிறம் போகாத விரல்களால் புதிய பிளக்கைப் பிடித்து இழுத்தாள். அது அசையவில்லை. கணவர் வருகிறாரா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

“பழசு ஒரு இழுப்புல வந்துரும் தம்பி,” என்றாள் தணிந்த குரலில். “இதை எப்பிடிக் கழட்டணும்?”