மருந்துக் கோல்

அறையில் நான்கு பேர் இருந்தார்கள்.

பரிமளம். கோடரி. மேல் கட்டில்.

ஜென்சி. வில். எதிர்க் கட்டில்.

அம்சா. கேடயம். தரையில், பாயில்.

அவள். மருந்துக் கோல். கதவோரம்.

இரவு ஷிப்ட் முடிந்து விடுதிக்கு வந்தவர்கள். ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டு வெயிலை மறைத்திருந்தார்கள். செல்போன் வெளிச்சத்தில் நான்கு முகங்கள். நான்கு திரையிலும் ஒரே ஆட்டம்.

குகை அரக்கன் விழுந்தான்.

அவள் திரையில் மட்டும் ஒரு பொன்னிறக் கட்டம் திறந்தது. அடுத்த லெவல். ஐந்து புள்ளிகள். எந்த வித்தையில் வேண்டுமானாலும் போடலாம். போட்டால் திரும்ப எடுக்க முடியாது.

“உசுரு குடுக்கறதுல போடுடி. அஞ்சும்,” என்றாள் பரிமளம்.

இதுவரை எல்லாவற்றையும் இவள் அதில்தான் போட்டிருக்கிறாள்.

அதனால்தான் பரிமளம் அடிக்கு விலகக் கற்கவேயில்லை. நேராகப் போய் அரக்கன் வாயில் நிற்பாள். விழுவாள். சிரிப்பாள். இவள் எழுப்புவாள். அம்சா சண்டைக்கு நடுவில் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தலை வாருவாள். “செத்துட்டனா? எப்போ?” என்பாள். இவள் எழுப்புவாள்.

கம்பெனியிலும் இவளுக்கு அதே வேலைதான். ரிலீவர். லைனில் யாராவது பாத்ரூம் போக எழுந்தால் அந்த இடத்தில் போய் நிற்க வேண்டும். ஸ்க்ரூ முடுக்குவாள். ஸ்டிக்கர் ஒட்டுவாள். கேமரா துடைப்பாள். எல்லா இடமும் தெரியும். ஒரு நாற்காலியும் அவளுடையதில்லை.

டெஸ்டிங் ரூமில் ஓர் இடம் காலி. இன்று இரவு ஷிப்ட் தொடங்குவதற்குள் பெயர் கொடுக்க வேண்டும். காலையில் சூப்பர்வைசர் எல்லோரையும் நிறுத்திவைத்துக் கேட்டார். அவள் கையைத் தூக்குவதற்குள் பரிமளம் முந்திக்கொண்டாள்.

“இவ போய்ட்டா எங்கள யாரு சார் மாத்தி விடுவா?”

எல்லோரும் சிரித்தார்கள்.

அவளும் சிரித்தாள். அதுதான் இன்னும் எரிகிறது.

குகையின் பின்சுவரில் ஓர் இரும்புக் கதவு உண்டு. ஒருவர்தான் போகலாம். வாள் வித்தை தெரியாதவருக்குத் திறக்காது. உள்ளே விழுந்தால் எழுப்ப ஆள் வர முடியாது. இத்தனை நாள் வளர்த்த பாத்திரம் அத்தோடு அழிந்துபோகும்.

அவள் விரல் மருந்துக் கோலின் மேல் நின்றது.

நகர்ந்தது.

வாள்.

வாள்.

வாள்.

“எட்டி, வெரல் தப்பிப் போவுது பாரு,” என்றாள் ஜென்சி. “அது வாளாக்கும்.”

“தெரியும்.”

வாள்.

வாள்.

உறுதிதானா என்று திரை கேட்டது. ஆம் என்பதை அழுத்தினாள்.

மருந்துக் கோலைக் கழற்றிக் குகைத் தரையில் வைத்தாள். வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளட்டும். பைக்குள் ஒரு வாள் கிடந்தது. ஆட்டத்தில் சேர்ந்த அன்று எல்லோருக்கும் கொடுப்பது. அவள் ஒருமுறைகூட உருவியதில்லை. துரு ஏறியிருந்தது.

பரிமளம் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள்.

“அடியே, நான் செத்தா?”

“வலது பக்கம் ரெண்டு தட்டு தட்டுக்கா. வெலகிடலாம்.”

மேல் கட்டிலிலிருந்து சத்தம் வந்தது. கண்ணாடியில் விரல் நுனி.

டக் டக்.

தப்பு. மறுபடி, டக் டக்.

அவள் குகையின் இரும்புக் கதவருகே போய் நின்றாள்.

கதவு பெயர் கேட்டது.

இந்த ஆட்டத்தில் அவளுக்கு மருந்து என்று பெயர். பரிமளம் வைத்தது. அதை அழித்தாள். தன் முழுப் பெயரை, கம்பெனி அடையாள அட்டையில் இருப்பதுபோல், இனிஷியலோடு அடித்தாள். ஓர் எழுத்தும் தவறவில்லை.

கதவு திறந்தது. உள்ளே இருட்டு.

போனாள்.

அவளுக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்டது. தாழ் விழுந்தது.