காதுக்குப் பின்னால் ஒரு வில்லை

மகள் ரூபி பிறந்த மாதம்தான் பெனிட்டாவுக்கு அந்தத் தொடக்க நிதி கிடைத்தது. செவித்திறன் குறைபாட்டை ஆராயும் இளம் ஆய்வாளர்களுக்கு ஓர் அறக்கட்டளை மூன்று வருடத்துக்குக் கொடுக்கும் நிதி அது. மூன்று வருடமும் காதுக்குப் பின்னால் ஒரு சின்ன மின்னணு வில்லையை ஒட்டியிருக்க வேண்டும், உழைப்பை அது அளக்கும் என்றார்கள். கழற்றினால் நிதி நின்றுவிடும்.

முதல் வாரமே கணவன் ஜெபசிங்கிடம், "அலுப்பா இருக்குங்க, வேற வேலை பாத்திரலாமான்னு தோணுது" என்று சொல்லிவிட்டாள். மறுநாள் காலையில் அறக்கட்டளையிலிருந்து கடிதம் வந்தது: 'உங்கள் ஆர்வம் குறைவதாக அறிகிறோம்.'

அதன்பிறகு பாளையங்கோட்டையில் அவர்கள் வீட்டுக்குள் மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை. நோயாளிகளுக்காகக் கற்ற சைகை மொழியைக் கணவனுக்கும் சொல்லிக்கொடுத்தாள். சண்டையும் கொஞ்சலும் கையாலேயே நடந்தன. ஒருவர் மறந்துபோய்ப் பேச வாயெடுத்தால் மற்றவர் பாய்ந்து வந்து பொத்தினார். ஆய்வகத்தில் மட்டும் யார் எதைக் கேட்டாலும் தேனொழுகப் பேசினாள்.

ரூபிக்கு இரண்டரை வயதாகியும் பேச்சு வரவில்லை. பதறிப்போய்த் தானே சோதித்துப் பார்த்தாள். காதில் ஒரு குறையும் இல்லை.

'இன்னும் ஆறு மாசம்தானே, பொறுத்துக்கோ' என்று கையை அசைத்தான் ஜெபசிங்.

பெனிட்டா வில்லையைப் பிய்த்துத் தெருவில் எறிந்தாள். மகள் முன்னால் மண்டியிட்டு, "ரூபிக்கண்ணு, அம்மா பேசுதேன் பாரு" என்றாள்.

குழந்தை மிரண்டு போய்ச் சுவர்களையெல்லாம் சுற்றிப் பார்த்தது. பிறகு ஓடிவந்து, இரண்டு கைகளாலும் அம்மாவின் வாயைப் பொத்தியது.