துடைக்கிற வேலை
இரும்பு வெட்டும் மெஷின் மூச்சுவிடாமல் இரைகிறது. என்ஜினீயரிங் முடித்தவள் கையில் துணியோடு ஓரமாக நிற்கிறாள். "அண்ணே, இந்த ஒரு செட்டிங்கையாவது சொல்லிக்குடுங்களேன்." ஆபரேட்டர் திரும்பாமலே சிரிக்கிறார். "முதலாளி என்னைத் தொலைச்சிடுவாரும்மா. போன தடவை கத்துக்கிட்டவன் மறுமாசமே வேற கம்பெனிக்குக் கம்பி நீட்டிட்டான்." பரீட்சையில் பேப்பரை மறைக்கும் பிள்ளைபோல் இடது கையால் மெஷினின் தொடுதிரையை மூடிக்கொண்டு, செட்டிங்கைத் திறக்கும் ரகசிய எண்ணை அழுத்துகிறார். அவள் பைக்குள் போன் அதிர்கிறது. அம்மாதான், "இன்னிக்காவது மெஷின்ல கை வச்சியாடி?" என்பாள். அவள் எடுக்கவில்லை. "திரைக் கண்ணாடியைத் துடைச்சு வைம்மா" என்று சொல்லிவிட்டு ஆபரேட்டர் டீ குடிக்கப் போகிறார். குழல்விளக்கு வெளிச்சம் திரையில் சாய்ந்து விழுகிறது. நான்கே நான்கு எண்களின்மேல் அவர் விரலின் எண்ணெய்க் கறை, முதல் எண்ணில் தடிப்பாக, கடைசி எண்ணில் மங்கலாக. அதைத் துடைக்கத்தான் அவளுக்குச் சம்பளம்.