மாப்பிள்ளை மாட்டிய பேரிங்

மாமனார் காரின் முன்சக்கரத்தில் பேரிங் தேய்ந்து ஊளையிட்டது. இடப்பக்கம் திருப்பினால் ஊளை கூடியது. ஆகவே கோளாறு இடச் சக்கரத்தில்தான் என்று தீர்ப்புச் சொன்னான், மெக்கானிக்கல் படித்த புது மாப்பிள்ளை செழியன். ஒர்க்‌ஷாப்பில் விடுவது தன் படிப்புக்கே இழுக்கு என்று வாசலில் ஜாக்கி போட்டு, பகல் முழுக்கச் சுத்தியலால் அடித்துப் புதுப் பேரிங்கை ஏற்றினான். தெருவே வேடிக்கை பார்த்தது. மாமியார் மோர் கொடுத்துக்கொண்டே இருந்தாள்.

சாயங்காலம் குடும்பத்தோடு கோயிலுக்குக் கிளம்பினார்கள். மாமனார் ஓட்டினார். முதல் இடது திருப்பத்திலேயே வலச் சக்கரம் அலறியது. இடப்பக்கம் திரும்பும்போது பாரமெல்லாம் வலச் சக்கரத்தில்தான் இறங்கும் என்பது செழியனுக்கு அப்போதுதான் உறைத்தது. காது மடல் சுட்டது.

"சத்தம் சுத்தமா நின்னு போச்சு மாப்ளே!" என்று மாமனார் கத்தினார். கத்தாவிட்டால் அந்தச் சத்தத்தில் கேட்டிருக்காது.

ரவுண்டானா வந்தது. வலப்பக்கமாகவே வளைந்து போனதில் வண்டி உண்மையாகவே அமைதியானது. மாமனார் முகம் மலர்ந்தது. எந்தச் சாலைக்குள் நுழைவதானாலும் இடப்பக்கம் திருப்பியாக வேண்டும். அவர் திருப்பவில்லை. மறுபடி சுற்றினார். மறுபடியும் சுற்றினார்.

"நடை சாத்திருவாங்க," என்றாள் மாமியார்.

"சும்மா இரு. மாப்ளை செஞ்ச வேலையப் பாக்கோம்லா."

செழியனின் மனைவி துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள். போக்குவரத்துக் காவலர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு அவர்களையே பார்த்தார்.

"மாமா... இடப்பக்கம் திருப்புங்க," என்றான் செழியன், தலையைக் குனிந்தபடி.

"என்ன அவசரம் மாப்ளே," என்றார் மாமனார். "பெட்ரோல் நெறைய இருக்கு."